வீட்டு லேத்துக்கு முதல் டயல்: பிளஞ்சரா, லீவரா?

வலங்கைமான் பட்டறை:
வீட்டுக் கொட்டகையில் பழைய நாலரை அடி லேத் ஒன்று போட்டிருக்கிறேன். வருவது பெரும்பாலும் பம்புசெட் மோட்டார் ஷாஃப்ட், புல்லி, எப்போதாவது புஷ் (துளையுள்ள உருளை). நாலு ஜா சக்கில் (நாலு தாடையும் தனித்தனியாக நகரும் பிடிப்பான்) செண்டர் பார்க்க, அதாவது பிடித்த பொருள் ஆடாமல் சுற்றுகிறதா என்று பார்க்க, இதுவரை சாக்பீஸும் டூல் நுனியும்தான். பேரிங் உட்காரும் இடத்துக்கு அது போதவில்லை. குறுவைக்கு முன்னால், ஆட்டத்தை ஊசியால் காட்டும் டயல் ஒன்று வாங்கியாக வேண்டும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. எது வாங்கலாம்?

மன்னார்குடி டர்னர்:
தம்பி, பிளஞ்சர் வாங்குங்கள், கம்பி நேராக உள்ளே போய் வரும் டயல். 10 மில்லி (மில்லிமீட்டர்) ஓட்டம், ஒரு கோடு 0.01 மில்லி, ஊசி ஒரு சுற்று வந்தால் 1 மில்லி. நாலு ஜாவில் முதலில் பிடிக்கும்போது ஜாப் (கடையும் பொருள்) ஒரு மில்லி தள்ளி நிற்பது சகஜம். அப்போது டயல் 2 மில்லி காட்டும், பாதியைத்தான் நகர்த்த வேண்டும். பக்கவாட்டில் ஆடும் சிறு கை உள்ள சாதாரண லீவர் டயலுக்கு மொத்த ஓட்டமே 0.8 மில்லி. அதை வைத்து எப்படித் தொடங்குவீர்கள்?
இன்னொன்று, பெட்டில் (லேத்தின் நீண்ட அடிப்பகுதி) டயல் ஸ்டாண்டை வைத்து, டூலைத் தாங்கி நகரும் சேடிலில் பிளஞ்சரை முட்டவிட்டால் சேடில் எவ்வளவு நகர்ந்தது என்று அப்படியே படிக்கலாம். தேய்ந்த பழைய லேத்தில் கைப்பிடி வளையத்தின் கோட்டை நம்ப முடியாது.

நாச்சியார்கோவில் கடைசல்:
நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் அண்ணே. புஷ்ஷும் வருகிறது என்கிறார். 25 மில்லி துளைக்குள் பிளஞ்சர் டயல் நுழையுமா? தேய்ந்த புஷ்ஷில் வெளிப்பக்கம் செண்டராக நின்றாலும் உள்துளை தள்ளித்தான் இருக்கும். எங்கள் ஊரில் குத்துவிளக்கைப் பகுதி பகுதியாக வார்த்து, கடைந்து, மரையில் பூட்டுகிறோம். மரைத்துளை செண்டர் விலகினால் விளக்கே சாய்ந்து நிற்கும். துளையைத் தொட்டுப் பார்க்க லீவர் வேண்டும். முதல் ஒரு மில்லியை அவர் சாக்பீஸிலேயே சரிசெய்து கொள்வார்.

மன்னார்குடி டர்னர்:
லீவர் கை சாய்ந்திருந்தால் அளவே பொய்யாகிவிடுமே. பரப்புக்கு இணையாக இல்லாமல் 30 டிகிரி சாய்ந்தால், டயல் 0.10 காட்டும்போது உண்மையில் 0.087தான்.

நாச்சியார்கோவில் கடைசல்:
அளவு எடுக்கும்போது அது உண்மை. செண்டர் பார்க்கும்போது நாம் ஊசியை ஆடாமல் நிறுத்தத்தான் பார்க்கிறோம். ஊசி அசையவில்லை என்றால் எந்தச் சாய்விலும் ஆட்டம் இல்லை என்றுதான் பொருள். பிளஞ்சரும் நேர்குத்தாக நிற்காவிட்டால் தப்புத்தான் காட்டும்.

மன்னார்குடி டர்னர்:
செண்டர் பார்ப்பதற்கு அது சரி, ஏற்கிறேன். ஆனால் அவருக்கு வரும் வேலையில் முக்கால்வாசி ஷாஃப்ட். நான் அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நாகை ஃபிட்டர்:
இருவரும் ஸ்டாண்டை மறந்துவிட்டீர்கள். விலை குறைந்த மேக்னட் ஸ்டாண்டில் நல்ல டயலை மாட்டி இரண்டு வருடம் நான் பட்ட பாடு போதும். ஒவ்வொரு முறையும் ஊசி வேறு இடத்தில் நிற்கும், நான் சக்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வாங்கும்போதே டயலை மாட்டி, ஏதாவது இரும்பில் முட்டவிட்டு, ஸ்டாண்டின் கையை விரலால் லேசாக அழுத்தி விடுங்கள். ஊசி பழைய கோட்டுக்கே திரும்ப வேண்டும். பிளஞ்சரைத் தூக்கி விட்டுப் பத்து முறை பாருங்கள், அப்போதும் அதே கோடு வர வேண்டும்.
0.002 மில்லி டயல் பக்கம் போகவே வேண்டாம். சக்கைச் சுற்றும் அச்சான ஸ்பிண்டிலின் பழைய பேரிங்கில் ஊசி நிலைகொள்ளாது. எங்கள் பக்கம் உப்புக் காற்று, ஐப்பசியில் ஈரம் வேறு. ஆனாலும் பிளஞ்சருக்கு எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டிக்கொண்டு சிக்கும். துடைத்துப் பெட்டியில் வையுங்கள்.

வலங்கைமான் பட்டறை:
நன்றி ஐயா. ஷாஃப்டில் சாவிக்காடி (புல்லியைப் பூட்டும் சாவிக்கான பள்ளம்) இருக்கிறதே, பிளஞ்சர் அதில் மாட்டிக்கொள்ளாதா?

மன்னார்குடி டர்னர்:
மாட்டும். காடி இல்லாத இடத்தில் வையுங்கள். வழியில்லை என்றால் சக்கைக் கையால் சுற்றி, காடி வருவதற்கு முன் பிளஞ்சரைத் தூக்கி, தாண்டியதும் விடுங்கள். மோட்டாரைப் போட்டு ஓடவிட்டு டயல் பார்க்கவே கூடாது.

வலங்கைமான் பட்டறை:
சரி, 0.01 பிளஞ்சரும் கனமான ஸ்டாண்டும் வாங்குகிறேன். புஷ் வந்தால்?

நாச்சியார்கோவில் கடைசல்:
துளைக்குள் இறுக்கமாகப் போகும் ஒரு கம்பியைக் கடைந்து செருகுங்கள். வெளியே நீட்டியிருக்கும் பகுதியில், புஷ்ஷை ஒட்டி ஓரிடத்திலும் நுனியில் ஓரிடத்திலும் டயலை வைத்துப் பாருங்கள். கம்பி கொஞ்சம் தளர்ந்தாலும் கணக்கு கெடும். அதனால்தான் லீவர் என்கிறேன், அடுத்த அறுவடைக்காவது வாங்கிவிடுங்கள் தம்பி.