லேத்தில் கழற்றி மாட்டுகிற மாதிரி சி.என்.சி.: பால் ஸ்க்ரூ போடலாமா?

அம்பத்தூர் பட்டறை:
அப்பாவிடம் நாலரை அடி லேத் இருக்கிறது. பித்தளைக் குமிழ் ஆர்டர் வருகிறது, உருண்டை வடிவிலேயே தீட்டிய ஃபார்ம் டூல் வைத்து எடுத்தால் சேட்டர் (அதிர்வுக் கோடுகள்) விழுகிறது, அதனால் படிப்படியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார் போட்டு கம்ப்யூட்டரில் ஓட்டலாம் என்று இருக்கிறேன். ஆனால் மறுநாள் அப்பா பழையபடி ஹேண்டிலைப் பிடித்து வேலை பார்க்க வேண்டும், பெட்டில் (லேத்தின் அடிச்சட்டத்தில்) ஒரு ஓட்டைகூடப் போடக்கூடாது என்கிறார். டூலைக் குறுக்கே உள்ளே வெளியே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடில் கால் மி.மீ. பிளே (ஆட்டம்) இருக்கிறது. அதன் மரைத்தண்டை எடுத்துவிட்டு, குண்டுகள் உருளும் பால் ஸ்க்ரூ மாற்றிவிடவா?

திருமுடிவாக்கம் டர்னர்:
வேண்டாம் தம்பி, நான் போட்டுப் பட்டவன். பால் ஸ்க்ரூவில் உராய்வு ரொம்பக் குறைவு, மோட்டாருக்குக் கரன்ட் இருக்கும்வரை பிடித்துக்கொள்ளும், கழற்றிவிட்டால் டூலின் தள்ளலுக்கே ஸ்லைடு பின்னால் போகும். நான் கையை எடுத்ததும் ஹேண்டில் தானாக மெல்லத் திரும்பியதைப் பார்த்தேன், அன்றே பழைய ஸ்க்ரூவை மாட்டிவிட்டேன். பழைய, சரிவக மரை போட்ட அக்மி ஸ்க்ரூ அப்படித் திரும்பாது. கன்மெட்டலில் (ஒரு வகை வெண்கலம்) இரண்டு துண்டு நட் செய்து இறுக்கிக்கொள்ளுங்கள், பிளே பெரும்பாலும் அடங்கும்.

மீதிப் பிளேவுக்கு வழி புரோகிராமில் இருக்கிறது. குமிழின் பெரிய விட்டத்தில் ஆரம்பித்து ஒரு தடவை முனைப் பக்கம், ஒரு தடவை கழுத்துப் பக்கம் இறங்குங்கள். இரண்டிலும் கிராஸ் ஸ்லைடு உள்ளேதான் போகும், வெட்டு விசை அதை வெளியே தள்ளும், நட் எப்போதும் மரையின் ஒரே பக்கத்தில் ஒட்டியிருக்கும். ஒரே ஓட்டத்தில் ஏறி இறங்கினால் நடுவில் கோடு நிச்சயம். இருபக்கமும் வெட்டுகிற கூர்மையான நியூட்ரல் டூல் வேண்டும்.

கிண்டி ரீட்ரோஃபிட்:
நீளவாட்டு நகர்வுக்கு, லேத்தில் ஏற்கெனவே நீளமாக ஓடும் லீட் ஸ்க்ரூவே போதும். டெயில் ஸ்டாக் பக்கம் (வலது முனையில்) லீட் ஸ்க்ரூ பிராக்கெட்டின் போல்ட்டுகளையே பயன்படுத்தி மோட்டார் தகட்டைப் பிடியுங்கள், பெட்டைத் தொடவே வேண்டாம். இடம் மாறாமல் நிறுத்தும் இரண்டு டவல் பின் (முளை) போட்டால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரும். கியர்பாக்ஸ் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா வந்தால் லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் ஹாஃப் நட்டைத் திறந்துவிடலாம்.

கிராஸ் ஸ்லைடில் 5 மி.மீ. பிட்ச், 1:2 டைமிங் பெல்ட் (மோட்டார் இரண்டு சுற்றுக்கு ஸ்க்ரூ ஒரு சுற்று) என்றால் சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டாரில் ஒரு ஸ்டெப் 0.0125 மி.மீ., விட்டத்தில் 0.025. கையால் ஓட்டும்போது பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். மோட்டாரைச் சுழற்றினால் அது மின்சாரம் உண்டாக்கி, அதை ஓட்டும் டிரைவர் போர்டைச் சுட்டுவிடலாம். கம்ப்யூட்டரில் ஓட்டும்போது ஹேண்டில் பிடியைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள், வேகமாகத் திரும்பும்போது விரலை உடைக்கும்.

அம்பத்தூர் பட்டறை:
நன்றி அண்ணா. முதலில் நட், அப்புறம்தான் மோட்டார் வாங்க ரிச்சி தெரு. மரையும் வெட்ட முடியுமா?

கிண்டி ரீட்ரோஃபிட்:
லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருளில் முடியும். ஆனால் வேலைத்துண்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்கு என்கோடர் (சுழற்சியை அளக்கும் கருவி) வேண்டும், அதில் சுற்றுக்கு ஒரு சிக்னல் தரும் இண்டெக்ஸ் இருக்க வேண்டும், அதை 1:1 பல்பெல்ட்டில் ஓட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த வெட்டு அதே மரையில் விழாது.