அண்டார்டிகா பாலைவனம்னா அவ்ளோ ஐஸ் எங்கருந்து வந்துச்சு?

நிலவன்_7:
ரொம்ப நாளா மண்டைய குடையுற சந்தேகம். உலகத்துலயே பெரிய பாலைவனம் அண்டார்டிகாதான்னு சொல்றாங்க, உள்பகுதில வருஷம் முழுக்க விழுற பனிய உருக்குனா 50 மில்லிமீட்டர் தண்ணி கூட தேறாதாம். ஆனா அதே கண்டத்து மேல சராசரியா 2 கிலோமீட்டர் கிட்ட தடிமனா ஐஸ் உக்காந்திருக்கு. எப்படிங்க இது?

கார்முகில்:
வரவு கம்மிதான், ஆனா செலவு அதவிட கம்மி. உள்பகுதில பனி உருகுற அளவுக்கு சூடே ஏறாது, தென் துருவத்துல கோடைல கூட மைனஸ் 28 டிகிரி பக்கம்தான் நிக்கும். அதனால விழுந்தது அப்படியே கெடக்கும், அடுத்த வருஷத்து பனி அதுமேல விழும், அடில இருக்கறது அமுங்கி அமுங்கி ஐஸா இறுகிடும். டோம் சின்னு ஒரு இடத்துல 3 கிலோமீட்டருக்கு மேல துளை போட்டு எடுத்த ஐஸ்ல, 8 லட்சம் வருஷத்துக்கு முந்தின காத்து குட்டி குட்டி குமிழியா அடைஞ்சு கெடக்கு. இத எப்ப நினைச்சாலும் எனக்கு சிலிர்த்துடும்!

அதுக்காக ஏறிக்கிட்டேவும் போகாது. தன்னோட எடை தாங்காம அந்த ஐஸ் மெதுவா கடல் பக்கம் நகர்ந்து, ஓரத்துல பனிப்பாறையா உடைஞ்சு மிதந்து போயிடும்.

நிலவன்_7:
இப்ப புரியுது, நன்றிங்க. இன்னொண்ணு, வட துருவமும் துருவம்தானே, தெற்கு மட்டும் ஏன் இவ்ளோ மோசம்?

தென்றல்_மகள்:
வடக்குல மிதக்குற ஐஸுக்கு கீழ கடல் இருக்கு, அந்த தண்ணி கொஞ்சம் சூடு குடுத்துக்கிட்டே இருக்கும். தென் துருவம் 2,835 மீட்டர் உயரத்துல இருக்கு, உயரம் ஏற ஏற குளிர் கூடும், போதாததுக்கு வர்ற வெயில்ல பெரும்பங்க வெள்ளப்பனி திருப்பி அனுப்பிடுது. சுத்தி ஓடுற கடல் நீரோட்டமும் வடக்குலேருந்து வர்ற வெதுவெதுப்பான தண்ணிய கிட்ட விடாது. அண்டார்டிகா உள்பகுதில இருக்கற வோஸ்டாக் ஆய்வு நிலையத்துல 1983 ஜூலை 21ல மைனஸ் 89.2 டிகிரி பதிவாச்சு, இன்னிக்கு வரைக்கும் நிலையங்கள்ல அளந்ததுல அதுதான் குறைச்சல்.

பாறைமேடு:
உள்பகுதிய மட்டும் வச்சு முழு கண்டத்தயும் எடை போடாதீங்க. வடக்க நீட்டிக்கிட்டு இருக்கற தீபகற்பத்துல மழையே பெய்யும், அங்க எஸ்பெரான்சா நிலையத்துல 2020 பிப்ரவரில 18.3 டிகிரி வந்துச்சு. கடலோரத்துல குளிர விட காத்துதான் ஆள கொல்லும், மேட்டுல குளிர்ந்து கனத்த காத்து சரிவுல உருண்டு இறங்குற வேகத்துல பழைய பனியெல்லாம் கிளம்பி கண்ணே தெரியாது, புதுசா ஒரு பொட்டு விழுந்திருக்காது. மெக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குல பாத்தா தரைல ஐஸே பெருசா இல்ல, வெறும் கல்லும் மண்ணும்தான். மலைத்தொடர் ஐஸ தடுத்துடுது, கொஞ்சநஞ்சம் விழுறதயும் காஞ்ச காத்து உருக விடாம நேரா ஆவியாக்கிடுது. நிலவன், உங்க பாலைவனம் கண்ணுக்கே தெரியணும்னா அந்த படங்கள தேடி பாருங்க.