7க்கு 4 பாத்ரூம், பேசினுக்குக் கீழ கபோர்டு வைக்கலாமா?

மேடவாக்கம்_ஃப்ளாட்:
வணக்கம் மக்களே. ரீசேல்ல ஒரு ஃப்ளாட் வாங்கி பாத்ரூம் வேலை ஓடிட்டு இருக்கு, பெரிய பாத்ரூம்ல பிரச்சனை இல்ல, இந்த சின்னதுதான் தலைவலி. நீளம் 7 அடி, அகலம் 4 அடி. கதவு அந்த 4 அடி சுவத்துல, இடது பக்கம் கீல், உள்பக்கமா தொறக்குது. கதவு 30 இன்ச், நிலை இடது சுவத்துல இருந்து 3 இன்ச் தள்ளி இருக்கு. உள்ள நுழைஞ்ச உடனே வலது சுவத்துல பேசின், அடுத்து வெஸ்டர்ன், கடைசியில குளிக்கிற இடம். பழைய பேசின் ஃபுல் பெடஸ்டல் (தரை வரைக்கும் தூண் வச்சது), சுவத்துல இருந்து 18 இன்ச் வெளிய வரும், கதவு இடிச்சு இடிச்சு ஓரமே சில்லு போயிருச்சு.

இப்ப வீட்ல ஷோரூம் போயிட்டு வந்து, மரக் கலர் வேனிட்டி (பேசினுக்குக் கீழ வர்ற கபோர்டு), அது மேல வெள்ளை டேபிள் டாப் பேசின், அதுதான் வேணும்ங்கறாங்க. ஷாம்பு பிரஷ் பினாயில் எல்லாம் உள்ள போயிடும்ங்கறது நியாயமான பேச்சுதான், ஆனா எனக்கு மனசு ஒப்பல. போர் தண்ணி, உப்பு கண்டபடி. 75 வயசு அம்மாவும் இதே பாத்ரூம்தான் யூஸ் பண்ணுவாங்க. டைல்ஸ் இன்னும் ஒட்டல. பேசின், குழாய், வேனிட்டி எல்லாம் சேத்து 20 ஆயிரத்துக்குள்ள முடிக்கணும். என்ன பண்ணலாம் சொல்லுங்க.

சைட்_எஞ்சினியர்:
சார், அழகு எல்லாம் அப்புறம், முதல்ல கணக்கு. அகலம் 48 இன்ச். கதவு தொறக்கும்போது 3 + 30 = 33 இன்ச் வரைக்கும் வீசும். மீதி 15. அப்ப பேசினோ வேனிட்டியோ 12 இன்ச்சுக்கு மேல வெளிய வந்தா திரும்ப அதே இடிதான், ஹேண்டில் வேற இருக்கு மறந்துடாதீங்க. ஷோரூம் வேனிட்டி பொதுவா 18 இன்ச் ஆழம், அதனால வீட்டம்மா கேட்டது இந்த சுவத்துல உக்காரவே உக்காராது, சண்டையே தேவையில்ல, டேப்ப கையில குடுத்து அளக்கச் சொல்லுங்க. இல்லன்னா ஒரு அட்டைப்பெட்டிய பேசின் சைஸுக்கு வெட்டி சுவத்துல ஒட்டி கதவ ஒரு தடவ ஆட்டிப் பாக்கச் சொல்லுங்க, பேப்பர்ல பிளான் போட்டு காட்டுறத விட இது நல்லா புரியும்.

கடையில 18க்கு 12 வால் ஹங் பேசின்னு (சுவத்துல போல்ட் போட்டு மாட்டுறது) கேளுங்க, நீளப் பக்கம் சுவத்தோட போகும், 12 தான் வெளிய வரும். சின்ன பேசின்ல ஒரு தொல்லை என்னன்னா நீளமான மூக்கு இருக்குற குழாய் போட்டா தண்ணி முன்பக்க ஓரத்துல அடிச்சு சட்டையெல்லாம் நனையும். அதனால பேசின் வாங்குற கடையிலயே குழாயை அது மேல வச்சுப் பாத்து, தண்ணி ஓட்டைக்குப் பக்கத்துல விழுற மாதிரி சின்ன பில்லர் காக் (பேசின் மேலயே நிக்கிற குழாய்) எடுங்க.

டைல்ஸ் ஒட்டாதது நல்ல நேரம். பேசின் மேல் விளிம்பு தரையில இருந்து 32, 33 இன்ச்ல வர்ற மாதிரி, அழுக்குத் தண்ணி போற வழிய, அதாவது வேஸ்ட் அவுட்லெட்ட, சுவத்துக்குள்ள 20 இன்ச் உயரத்துல இப்பவே எடுத்துடுங்க. தரை உயரம்னா டைல்ஸ் போட்ட பிறகு வர்ற தரை, பிளம்பர் கான்க்ரீட்ல இருந்து அளந்துட்டுப் போயிடுவாரு, பக்கத்துல நில்லுங்க.

கோவைக்காரி:
அண்ணா, எங்க வீட்ல பில்டரே வேனிட்டி வச்சுக் குடுத்தாங்க, பார்ட்டிகிள் போர்டு (மரத்தூள அழுத்திச் செஞ்ச பலகை) மேல லேமினேட் ஒட்டுனது. பாக்க நல்லாத்தான் இருந்துச்சுங்க. ஆனா நம்ம ஊர்ல குளிக்கிறதுன்னா பக்கெட்ல மொண்டு ஊத்துறது, தினமும் தரையெல்லாம் தண்ணி ஊத்திக் கழுவுறது, அது எப்படிங்க தாங்கும்? கீழ் ஓரம் ஊறப்போட்ட பிஸ்கட் மாதிரி உப்பிடுச்சு, கதவு மூடல, உள்ள கரப்பான் குடும்பம் நடத்துது. ஷோரூம்ல வைக்கிறது தண்ணியே படாத இடத்துலங்க, அந்த டிசைன் எல்லாம் குளிக்கிற இடம் கண்ணாடி போட்டு தனியா இருக்குற பாத்ரூமுக்கு.

அப்புறம் கருப்பு கிரானைட் கவுண்டர் பக்கம் போயிடாதீங்க. எங்களுக்கு சிறுவாணித் தண்ணி, பளபளன்னு இருக்கு. உங்க போர் தண்ணிக்கு ஒரே வாரத்துல வெள்ளை வெள்ளையா கோலம் போட்டுரும், அப்புறம் ஆசிட் ஊத்தித் தேய்க்கத் தோணும், அது குழாயோட குரோமையும் சேத்துத் தின்னுரும்.

சாமான் வைக்கிறதுக்கு மேல பாருங்க. பேசினுக்கு மேல 4 இன்ச் ஆழத்துல கண்ணாடிக் கதவு வச்ச கேபினெட் மாட்டுனா பிரஷ் பேஸ்ட் ஷேவிங் சாமான் எல்லாம் அதுல அடங்கிடும். பினாயில் அங்க வேண்டாம், அத கதவுக்குப் பின்னாடி உயரமா ஒரு ஸ்டாண்டுல வைங்க.

பழைய_பெருங்களத்தூர்:
எல்லாரும் வேனிட்டிய ஒரேயடியா அடிக்காதீங்கப்பா. மரம்தான் பிரச்சனை, வேனிட்டி இல்ல. எங்க வீட்ல கார்பெண்டர் பிவிசி போர்டுல செஞ்சு குடுத்தது, தண்ணி கரையான் ரெண்டுக்கும் பயமில்ல, தரையில இருந்து ஒரு அடி மேல தொங்குது, அடியில தொடப்பம் போகும். அதுல வீக்னெஸ் ஒண்ணுதான், ஸ்க்ரூ பிடிமானம் மரம் மாதிரி இருக்காது, கீல் லூசாகும். எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத ஸ்டீல்) கீல் போட்டு கதவ சின்னதா ரெண்டா வச்சா ஓடும். பிளைவுட்தான் வேணும்னா ஐஎஸ் 710 முத்திரை இருக்குற மரைன் பிளை (தண்ணி தாங்குற பிளைவுட்), அதுலயும் வெட்டுன ஓரம் அத்தனையும் சீல் பண்ணணும், கார்பெண்டர் கண்ணுக்குத் தெரியிற ஓரத்த மட்டும்தான் பண்ணுவாரு.

ஆனா டேபிள் டாப் பேசின் இந்த சைஸ் பாத்ரூமுக்கு எனக்கும் பிடிக்கல. பேசினே 5, 6 இன்ச் உயரம். சாதாரண உயரத்துல கல்லு போட்டு அது மேல இத வச்சா விளிம்பு 38 இன்ச்சுக்குப் போயிடும், குள்ளமா இருக்குறவங்க மூஞ்சி கழுவுனா தண்ணி முழங்கை வழியா கீழதான் ஓடும். உங்க அம்மாவுக்கு சுத்தமா ஆகாது. பேசினுக்கும் கல்லுக்கும் நடுவுல சிலிக்கான் போட்ட இடத்துல அழுக்கு சேந்து கருக்குறது தனிக்கதை.

மேடவாக்கம்_ஃப்ளாட்:
ரொம்ப நன்றி. அட்டைய வெட்டி ஒட்டிப் பாத்தாச்சு, வீட்ல அவங்களே "12 இன்ச்சே போதும்"னுட்டாங்க 😄 மேல கண்ணாடி கேபினெட், கீழ ஒண்ணும் இல்ல, அப்படி முடிவு. ரெண்டு டவுட்டு. பிளம்பர் பாட்டில் ட்ராப் (பேசினுக்கு அடியில கொஞ்சம் தண்ணிய நிறுத்தி நாத்தத்தத் தடுக்குற கப்) எதுக்கு, வளையுற ப்ளெக்ஸிபிள் பைப்பே போதும்ங்கறாரு. இன்னொண்ணு, அந்த சுவரு நாலரை இன்ச் செங்கல் சுவரு, வால் ஹங் தாங்குமா? அம்மா எந்திரிக்கும்போது பேசினப் பிடிச்சுதான் எந்திரிப்பாங்க.

சைட்_எஞ்சினியர்:
ரெண்டாவதுதான் முக்கியம், அத முதல்ல சொல்றேன். பேசின் ஆள் பாரத்தத் தாங்குறதுக்குச் செஞ்சது இல்ல, எந்த பிராண்டா இருந்தாலும். தனியா பேசின் மட்டும்னா நாலரை இன்ச் செங்கல்ல போல்ட் நிக்கும், போல்ட் பூச்சுல நிக்காம செங்கல்லுக்குள்ள இறங்கியிருக்கணும். அம்மாவுக்கு வெஸ்டர்ன் பக்கத்துல எஸ்எஸ் கிராப் பார் (பிடிச்சு எந்திரிக்கிற கம்பி) தனியா போடுங்க, கைக்கு அது முதல்ல எட்டுற இடத்துல. அது வர்ற இடத்துல சுவத்த உடைச்சு ஒரு சின்ன கான்க்ரீட் பேட் இப்பவே போட்டுட்டு அது மேல டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்க. கிராப் பார் இல்லாம வால் ஹங் போடாதீங்க.

ட்ராப் விஷயம், உங்க வேஸ்ட் லைன் எங்க போகுதுன்றதப் பொறுத்தது. தரையில தண்ணி போற ஓட்டைல இருக்குற நஹானி ட்ராப்ல போய் விழுந்தா அதுலயே தண்ணி நின்னு நாத்தத்தத் தடுக்கும், அப்ப பிளம்பர் சொல்றது முழுத் தப்பில்ல. நேரா ஷாஃப்ட் பைப்புக்கு (மாடியில இருந்து கீழ இறங்குற கழிவுப் பைப்) போகுதுன்னா பாட்டில் ட்ராப் இல்லாம விடாதீங்க, நாத்தம் நேரா மூக்குக்கு வரும். எப்படியும் அந்த சுருக்கம் சுருக்கமா இருக்குற பைப் வேண்டாம், ஒவ்வொரு மடிப்புலயும் தலைமுடியும் சோப்பும் தேங்கும். கீழ கபோர்டு இல்லாததால எல்லாம் வெளிய தெரியும்தான், அதுக்கு ஹாஃப் பெடஸ்டல் (பைப்ப மட்டும் மறைக்கிற அரைத் தூண்) இருக்கு, ஆனா உங்க 12 இன்ச் மாடலுக்கு அது வருதான்னு கடையில கேட்டுக்குங்க.

கோவைக்காரி:
ஒண்ணு விட்டுப்போச்சுங்க. பேசின்ல மேல ஓவர்ஃப்ளோ ஓட்டை இருந்தா ஹாஃப் த்ரெட் வேஸ்ட் கப்ளிங் (பேசின் ஓட்டையில மாட்டுற வடிகால் பீஸ்), இல்லன்னா ஃபுல் த்ரெட். மாத்தி வாங்கிட்டு வந்தா பிளம்பர் வேலைய நிறுத்திட்டு டீ குடிக்கப் போயிடுவாரு, அன்னிக்குக் கூலி உங்க தலையில.

மேடவாக்கம்_ஃப்ளாட்:
லைன் நஹானி ட்ராப்ல தான் விழுதுன்னு பாத்துட்டேன். நாளைக்கு மேஸ்திரி வரும்போது கான்க்ரீட் பேட் சொல்லிடறேன். கிராப் பார் என்ன உயரம் வைக்கணும்?

பழைய_பெருங்களத்தூர்:
நம்பர் எதுக்கு, அம்மாவையே வெஸ்டர்ன் க்ளோசெட் மேல உக்கார வச்சு, எந்திரிக்கும்போது கை தானா எங்க போகுதுன்னு பாத்து பென்சில்ல கோடு போட்டுருங்க. க்ளோசெட் இன்னும் மாட்டலன்னா அதே உயரத்துல ஒரு ஸ்டூல் போதும்.