எங்க வீட்டுல தவளை இல்லைங்க, 'தளவை'தான்

வணக்கம் மக்களே, திருவையாத்துலேர்ந்து எழுதுறேன். பாப்பாவுக்கு மூணரை வயசு. தக்காளி அவளுக்குக் 'கத்தாளி'. மேட்டூர் தண்ணி வந்தன்னிக்குப் படித்துறையில நின்னு "அப்பா, காரேவி வந்துருச்சு!"ன்னு கத்துனா; துணி தொவைச்சவங்க கையை நிறுத்திட்டுச் சிரிச்சாங்க.

"மதுரைய மருதைன்னும் குதிரைய குருதைன்னும் சொல்ற சனந்தானே நாம, விடுடா"ங்கிறாங்க அம்மா.

ஆனா பாட்டுன்னா ஒரு எழுத்து பிசகாது! ஜனவரியில தியாகராஜர் ஆராதனைப் பந்தல்ல கேட்டதுலேர்ந்து, வாயில சோத்தோட தொடையில தாளம்.

ழ, ற வர நாளாகும், தெரியும். இப்படி எழுத்து இடம் மாறுறதுக்குப் பேச்சுப் பயிற்சியாளர்கிட்ட காட்டணுமா? இந்த வயசுலயே பாட்டு கிளாஸ்ல சேத்தவங்க இருக்கீங்களா? தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம்னா சொல்லுங்க. (காரேவிய மட்டும் திருத்த மனசே வரல.)