இரண்டு நிறச் சாக்ஸ் குதிகாலில் ஏற மறுக்கிறது, என்ன செய்யலாம்?

குன்னூர்_கம்பளி

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் பின்னிக்கொண்டிருக்கிறேன். ஒற்றை நிறத்தில் வெறும் சாக்ஸ் முன்பே பின்னியிருக்கிறேன், அதெல்லாம் நன்றாகவே வந்தது. இந்த முறை ஒரு புள்ளிக் கோலத்தைக் கட்டத் தாளில் வரைந்து, கரும்பச்சையில் வெள்ளை டிசைனாக எடுத்தேன். மேலிருந்து கீழாகத்தான் பின்னுகிறேன். 4 செ.மீ. ரிப் (மேல் விளிம்பில் விரிந்து சுருங்கும் வரிப் பின்னல்), அதற்குக் கீழே 10 செ.மீ. டிசைன் முடிந்திருக்கிறது.

கண்ணிகளை வேறு நூலில் மாற்றிவிட்டு அப்பாவுக்குப் போட்டுப் பார்த்தேன். பாதம் நுழைகிறது, குதிகாலில் முட்டி நின்றுவிடுகிறது. இழுத்தால் நூல் அறுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. காஸ்ட் ஆன் (தொடக்கத்தில் ஊசியில் கண்ணி ஏற்றும் முதல் வரிசை) இறுகிவிட்டதோ என்று சந்தேகம்.

விவரம்: 64 கண்ணி, 13ஆம் நம்பர் ஊசி, 75% கம்பளி 25% நைலான் நூல். டிசைன் 16 கண்ணிக்கு ஒருமுறை திரும்ப வரும். ஈரமாக்கி இழுத்துக் காயவைத்தால் சரியாகிவிடுமா?

நூல்கண்டு

காஸ்ட் ஆன்தான் காரணமாக இருக்கும். ஒரு சைஸ் பெரிய ஊசியில் காஸ்ட் ஆன் செய்துவிட்டு, ரிப்புக்குச் சின்ன ஊசிக்கு மாறுங்கள். இல்லையென்றால் ரிப்போடு எலாஸ்டிக் நூல் ஒன்றைச் சேர்த்துப் பின்னுங்கள்.

ஊசிமுனை

எலாஸ்டிக் நூல் தொளதொளவென்று இறங்கும் சாக்ஸைப் பிடித்து நிறுத்தத்தான் உதவும். ஏறாத சாக்ஸுக்கு அதனால் பயனில்லை.

மேடம், எதையும் பிரிப்பதற்கு முன் ஒன்று பாருங்கள். இரண்டு கை விரல்களையும் சாக்ஸுக்குள் விட்டு அகலவாட்டில் நன்றாக இழுங்கள். மேல் விளிம்பு மட்டும் கயிறு மாதிரி விறைத்து, அதற்குக் கீழே தாராளமாக விரிந்தால் காஸ்ட் ஆன் இறுக்கம். விளிம்பும் ரிப்பும் விரிந்து, டிசைன் தொடங்கும் இடத்தில் நின்றுபோனால் காஸ்ட் ஆன் மேல் பழி போடாதீர்கள். அப்படியே உள்பக்கத்தைத் திருப்பி, பின்னால் ஓடும் நூல் (அந்த இடத்தில் பின்னாமல் விட்ட நிறம்) எப்படி இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

மூன்று அளவு வேண்டும்: பாதத்தின் சுற்றளவு, குதிகால் முனையிலிருந்து மேல்பாதம் வளையும் இடம் வரை சாய்வாகச் சுற்றிய அளவு, வெறும் பின்னலில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்பது. சாக்ஸ் ஏறுமா ஏறாதா என்பதை அந்தச் சாய்வு அளவுதான் முடிவு செய்யும். அதை யாருமே எடுப்பதில்லை.

குன்னூர்_கம்பளி

பாதம் 22 செ.மீ., சாய்வுச் சுற்று 30. வெறும் பின்னலில் 10 செ.மீ.க்கு 32 கண்ணி. நீங்கள் சொன்ன மாதிரியே ரிப் நன்றாக விரிகிறது. டிசைன் பகுதி 25 செ.மீ.க்கு மேல் அசையவில்லை. உள்பக்கம் வெள்ளை நூல் விறைத்து நிற்கிறது. சில இடங்களில் 7 கண்ணி தாண்டி ஓடுகிறது.

ஊசிமுனை

அப்போது காரணம் அதுதான். வெறும் பின்னலில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு வளையம். இழுத்தால் வளையத்தின் உயரம் குறைந்து அகலம் கூடும், அதனால்தான் சாக்ஸ் விரிகிறது. பின்னால் ஓடும் நூலில் வளையமே இல்லை, நேர்க்கோடு. அதன் நீளம் எவ்வளவோ அந்த அளவோடு துணியும் நின்றுவிடும். ஈரமாக்கிக் காயவைத்தால் கண்ணிகள் சீராகும், ஆனால் குட்டையாகப் போன நூல் நீளமாகாது.

கணக்கும் இடிக்கிறது. 32 கண்ணிக்கு 10 செ.மீ. என்றால் 64 கண்ணி 20 செ.மீ. 22 செ.மீ. பாதத்துக்கு அது ஒன்பது சதவீதம் குறைவு. ஒற்றை நிறச் சாக்ஸ் காலைப் பிடித்து நிற்க அந்த இறுக்கம் வேண்டும். இரண்டு நிறத்தில் அந்தச் சலுகை கிடையாது. என் யோசனை 72 கண்ணி, டிசைன் பகுதிக்கு மட்டும் 12ஆம் நம்பர் ஊசி. நம் கடைகளில் பிரிட்டிஷ் நம்பர், எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்கப் பேட்டர்னில் தலைகீழ். அதனால் பாக்கெட்டில் மி.மீ. பார்த்து வாங்குங்கள்: 2.25 இப்போது உங்களிடம் இருப்பது, 2.75 வேண்டியது.

நூல்கண்டு

72ஐ 16ஆல் வகுத்தால் மீதி வருமே. கோலம் பாதியில் வெட்டுப்படும்.

ஊசிமுனை

ஆமாம். 80 ஆக்கினால் வகுபடும், ஆனால் கணுக்காலில் தொளதொளக்கும். கோலத்தையே 8 கண்ணிக்குள் சுருக்கி வரைவது நல்லது. 72ல் ஒன்பது முறை வரும், எந்த நிறமும் 4 கண்ணிக்கு மேல் பின்னால் ஓடாதபடி வரையுங்கள். குட்டையான நூல் ஓட்டம்தான் சாக்ஸுக்கு நல்லது.

ஒஸ்லோ_அக்கா

தங்கச்சி, நான் நோர்வேயில் இருக்கிறேன். இங்கே செல்பு என்கிற ஊரின் எட்டு இதழ் நட்சத்திரம் போட்ட கறுப்பு வெள்ளைக் கையுறை பேர்போனது. நானும் முதலில் அந்த டிசைனைத்தான் சாக்ஸில் போடப் பார்த்தேன். கையுறை பெரிதாக விரியத் தேவையில்லை, நூல் நீளமாக ஓடினாலும் சமாளிக்கலாம். சாக்ஸ் குதிகாலைத் தாண்டவேணும். பார்க்க வடிவாக இருக்கிற டிசைன் எல்லாம் காலுக்கு ஒத்துவராது.

பழக்கத்தில் இரண்டு விஷயம் சொல்கிறேன். நிறம் மாற்றும் ஒவ்வொரு முறையும், அப்போதுதான் பின்னிய கண்ணிகளை வலது ஊசியில் நன்றாகப் பரப்பிவிட்டு, பிறகு அடுத்த நிறத்தை எடுங்கோ. கண்ணிகள் நெருங்கிக் கிடக்கும்போது நூலை எடுத்தால் அது குட்டையாகத்தான் போகும்.

மற்றது, சாக்ஸின் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வைத்து, உங்களுக்குத் தூரமாக இருக்கிற ஊசியில் பின்னுங்கோ. அப்போது நூல் வெளிச்சுற்றில் ஓடும், ஊசி மாறுகிற மூலையில் குறுக்கே பாயாது. முதலில் கை வளையாது, இரண்டு மூன்று சுற்றில் பிடிபட்டுவிடும்.

நூல்கண்டு

டிசைனை விடவே மனமில்லையா? தானே டிசைன் விழும் சாயநூல் வாங்கி 3 நிட் 1 பர்ல் (3 நேர்க்கண்ணி, 1 மறுபக்கக் கண்ணி) ரிப்பாகக் கால் முழுக்கப் பின்னினால் தலைவலியே இல்லை. அதற்கு 64 கண்ணியே போதும், நாலால் வகுபடும்.

குன்னூர்_கம்பளி

சாயநூல் யோசனை அடுத்த ஜோடிக்கு. கோலத்தை விட மனமில்லை.

ரிப்போடு சேர்த்துப் பிரித்துவிட்டு 72ல் மறுபடி தொடங்கினேன். 8 கண்ணிக்குள் சின்னப் புள்ளியும் சாய்சதுரமும் வைத்து வரைந்திருக்கிறேன். உள்பக்கத்தைத் திருப்பிப் பின்னுவது முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது பரவாயில்லை. இழுத்தால் 30 வருகிறது, அப்பாவுக்குக் குதிகாலைத் தாண்டிவிட்டது. கொஞ்சம் முனைந்துதான் ஏறுகிறது, ஏறியபின் சௌகரியம் என்கிறார்.

இனி ஹீல். அதிலும் கோலம் தொடரலாமா?

ஒஸ்லோ_அக்கா

வேண்டாம். ஹீலைப் பச்சையில் மட்டும் 13ஆம் நம்பர் ஊசிக்குத் திரும்பிப் பின்னுங்கோ. ஒரு கண்ணி பின்னி, அடுத்த கண்ணியைப் பின்னாமல் அப்படியே வலது ஊசிக்கு மாற்றுகிற வரிசையும் சாதா வரிசையும் மாறி மாறிப் போட்டால் தடிப்பாக வரும், சீக்கிரம் தேயாது. அடிப்பாதத்தில் கோலம் போட்டாலும் சப்பாத்துக்குள் யார் பார்க்கப் போகினம்?