விளக்கடியில் விழுந்த இறக்கை எறும்பு ராணியா?

கேள்வி (ரங்கூன்):
ராத்திரி மழை விட்டதும் வராந்தா விளக்குக்குப் பெருங்கூட்டம். அதில் ஒன்று இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாது. பழுப்பு நிறம், வயிறு விரல் மாதிரி உருண்டு நீண்டிருக்கிறது, இறக்கை உதிரவில்லை. இவ்வளவு பெரிசு என்றால் ராணிதானே? டப்பாவில் போட்டிருக்கிறேன். சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா?

மாந்தோப்பு (பெகு):
வேண்டாம், விட்டுடுங்க தம்பி. அது டோரிலஸ் என்கிற எறும்பு வகையின் ஆண். இந்த வகையில் ராணிக்கு இறக்கையே முளைக்காது, மண்ணுக்குள்ளேயே கிடக்கும். மற்ற எறும்புகளில் பெரும்பாலும் ராணிதான் பெரிசு: நடுவுடம்பு புடைத்து, தலை அகன்று, வயிறு கனத்து இருக்கும். ஆணுக்குத் தலை சின்னது, கண் பெரிசு. கூட்டத்தில் மிச்சம் ஈசலா என்றும் பாருங்க. ஈசலுக்கு நாலு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு கிடையாது. எறும்புக்கு முன்னிறக்கை நீளம், இடுப்பு ஒடுங்கியிருக்கும்.

முசுறு (மோல்மேன்):
விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடத் தரையைப் பாருங்க. இணைசேர்ந்த ராணி இறக்கையை ஒடித்துப் போட்டுவிட்டுச் சுவரோரமாக, படிக்கட்டில் நடக்கும். நடுவுடம்பின் இரண்டு பக்கமும் இறக்கை இருந்த தழும்பு தெரியும். ஆனால் இணைசேராததும் சில சமயம் இறக்கையை உதிர்க்கும், அதனால் அதை மட்டும் நம்பாதீங்க. இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பின் ராணி பச்சை நிறம், மா இலை மடிப்பில் தேடுங்க. ஆண் கறுப்பு, பாதி அளவுகூட வராது. ஒரே இலையில் இரண்டு மூன்று ராணி இருந்தால் பிரிக்க வேண்டாம், சேர்ந்தே கூடு தொடங்குவது உண்டு.

கேட்டவர்:
கட்டெறும்பு ராணி ஒன்று கிடைத்தது அண்ணே, தழும்பு இருக்கிறது. டெஸ்ட் டியூபில் விட்டேன். இரண்டு முட்டை இட்டது, இன்றைக்குக் காணோம். கண்ணாடி உள்பக்கம் வேர்த்திருக்கிறது.

மாந்தோப்பு (பெகு):
தின்றிருக்கும். அடிக்கடி தூக்கிப் பார்த்தால், வெளிச்சம் பட்டால் அப்படித்தான் செய்யும். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் வேர்க்கும்; ஜன்னலோரம், ஃபிரிட்ஜ் மேல் என்று வைக்காமல் அலமாரிக்குள் வையுங்க. குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதன்மேல் நனையும்வரை பஞ்சு. தளர்வாக அடைத்தால் தண்ணீர் கசிந்து ராணி மூழ்கும். நடுவில் நாலு ஐந்து சென்டிமீட்டர் இடம், வாயில் காய்ந்த பஞ்சு, மேலே கறுப்புக் காகிதம். வாரம் ஒரு தடவைக்கு மேல் திறக்காதீங்க.

தீனி போடவே கூடாது. இறக்கைத் தசையும் கொழுப்பும் கரைந்துதான் முதல் குஞ்சுகளை வளர்க்கும். சர்க்கரை வைத்தால் பூஞ்சணம்தான் மிச்சம். முதல் வேலைக்கார எறும்பு வெளிவர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அதுவும் குட்டையாகத்தான் இருக்கும். அப்புறம் குண்டூசித்தலை அளவு தேன், நசுக்கிய கொசு ஒன்று போதும். இடையில் அரிசி மாதிரி தெரிவது முட்டையில்லை, பட்டுக்கூட்டுக்குள் இருக்கிற கூட்டுப்புழு. முசுறுக்கு அந்தக் கூடு இருக்காது, வெறுமனே வெள்ளையாகக் கிடக்கும்.