கிரேட் பிரிட்டன் கப்பல் ஏன் இத்தனை கை மாறுச்சு?

துறைமுகத்தான்:
இங்கிலாந்துல பிரிஸ்டல்ல இப்ப மியூசியமா நிக்கிற எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் பத்தி படிச்சிட்டு இருக்கேன். புருனெல்ங்கிற இன்ஜினியரோட டிசைன், 1843ல தண்ணில இறக்குனாங்க, முழுக்க இரும்பு, பின்னாடி சுத்தித் தள்ளுற புரொப்பல்லர், 322 அடி நீளம், அப்ப உலகத்துலயே பெரிய கப்பல். ஆனா 1850லயே வித்துட்டாங்க. அப்புறம் ஆஸ்திரேலியா ஓடிருக்கு, பாய்மரக் கப்பலாக்கிருக்காங்க, கடைசில தென் அட்லாண்டிக்ல இருக்குற ஃபாக்லாந்து தீவுல குடோனா கிடந்திருக்கு. அவ்ளோ நல்ல கப்பல்னா கட்டுனவங்களே ஏன் கைவிட்டாங்க? டிசைன்லயே கோளாறா?

கொதிகலன்:
கப்பல் நல்ல கப்பல்தாங்க, கம்பெனிக்குத்தான் காசு தாங்கல. முதல்ல பக்கவாட்டுச் சக்கரம் வச்சுதான் பிளான் போட்டாங்க, 1840ல ஆர்க்கிமிடீஸ்னு ஒரு புரொப்பல்லர் கப்பல் பிரிஸ்டல் வந்துச்சு, அதைப் பார்த்து சோதிச்சுட்டு புருனெல் பாதி வேலைல எல்லாத்தையும் மாத்திட்டாரு. மொத்தச் செலவு 1,17,000 பவுண்டு. இதுல கொடுமை என்னன்னா கப்பல் ரெடியாகியும் பிரிஸ்டல் துறைமுக லாக் (கப்பல் வெளிய போற குறுகலான தண்ணிக் கதவு) வழியா வெளிய போக முடியாம 1844 டிசம்பர் வரைக்கும் உள்ளயே மாட்டிக்கிச்சு, அத்தனை நாளும் ஒரு பைசா வருமானம் கிடையாது. 1845 ஜூலைல லிவர்பூல்ல கிளம்பி 14 நாள் 21 மணி நேரத்துல நியூயார்க் போச்சு, ஆனா 360 பேருக்கு இடம் இருந்த கப்பல்ல ஏறுனது சுமாரா 50 பேர், புது மாதிரி கப்பலை ஜனங்க நம்பல.

அடுத்த வருஷம் செப்டம்பர்ல அயர்லாந்துல டன்ட்ரம் வளைகுடா மணல்ல ஏறி நின்னுடுச்சு, ஏறக்குறைய ஒரு வருஷம் அலை அடிச்சுட்டே இருக்கு, மரக் கப்பலா இருந்தா அந்தக் குளிர்காலத்துலயே துண்டு துண்டாயிருக்கும், இது நின்னுச்சு. மீட்குற செலவுல கம்பெனி முடிஞ்சு போச்சு, 25,000 பவுண்டுக்கு கிப்ஸ் பிரைட் கம்பெனி வாங்குச்சு.

பாய்மரம்:
அந்த ரெண்டாவது முதலாளிங்கதான் இந்தக் கப்பலைச் சரியா புரிஞ்சுக்கிட்டவங்கன்னு நான் நினைக்கிறேன், புருனெலைப் பத்தி பேசுறவங்க இவங்களை ஒரே வரில தாண்டிடுறது எனக்கு வருத்தம். பழைய இன்ஜினைத் தூக்கிட்டு சின்ன இன்ஜினா போட்டு, பாய்க்கு முக்கியத்துவம் குடுத்தாங்க. ஆஸ்திரேலியா வரைக்கும் நிலக்கரி மட்டும் நம்பிப் போனா சரக்குக்கு இடமே இருக்காது, அதனால காத்து இருக்கும்போது பாய், காத்து செத்தா இன்ஜின். 1851ல ஆஸ்திரேலியாவோட விக்டோரியால தங்கம் கிடைச்ச நேரம் வேற, 1852ல 630 பேரோட மெல்போர்ன் கிளம்புச்சு. அப்புறம் 1870கள் வரைக்கும் அதே ரூட்தான். நடுவுல கிரிமியா போருக்கு சிப்பாய் ஏத்திருக்கு, 1857 கிளர்ச்சி சமயத்துல பம்பாய்க்கும் படை கொண்டு வந்திருக்கு. 1861ல ஆஸ்திரேலியா போன முதல் இங்கிலாந்து கிரிக்கெட் டீம் போனதும் இதுலதான்!

துறைமுகத்தான்:
கிரிக்கெட் விஷயம் புதுசு, நன்றி. அப்ப ஏன் பின்னாடி இன்ஜினை முழுசாவே கழட்டிப் பாய்மரக் கப்பலாக்குனாங்க? அந்தக் காலத்துக் கப்பல் எல்லாம் உடைக்கப் போயிடுச்சே, இது மட்டும் எப்படி தப்பிச்சுது?

பாய்மரம்:
1880கள்ல இதைவிட சிக்கனமான இன்ஜினோட புதுக் கப்பல்கள் வந்துடுச்சு. அதனால 1882ல இன்ஜினை எடுத்துட்டு வெறும் பாய்மரச் சரக்குக் கப்பலாக்கி வேல்ஸ் நிலக்கரி ஏத்துனாங்க. 1886ல தென் அமெரிக்காவோட தெற்கு முனையான கேப் ஹார்ன் பக்கம் புயல்ல அடிபட்டு ஃபாக்லாந்துல ஸ்டான்லி துறைமுகத்துல ஒதுங்குச்சு. ரிப்பேர் பண்ணக் கட்டுப்படியாகலன்னு ஃபாக்லாந்து ஐலண்ட்ஸ் கம்பெனிக்கு வித்துட்டாங்க, அவங்க கம்பளி, நிலக்கரி போட்டு வைக்கிற மிதக்கும் குடோனாக்கிட்டாங்க. பேருக்குக் குடோன்தான், ஆனா அதுதான் அதைக் காப்பாத்துச்சு. இங்கிலாந்துல நின்னிருந்தா பழைய இரும்பு விலைக்குப் போயிருக்கும். 1937ல அங்கயே ஸ்பாரோ கோவ்ங்கிற சின்ன வளைகுடால ஆழமில்லாத இடத்துல ஓட்டை போட்டு விட்டுட்டாங்க.

கொதிகலன்:
1970ல மீட்டது தனிக் கதைங்க. ஜாக் ஹேவர்ட்னு ஒரு பணக்காரர் காசு குடுத்தாரு. பக்கவாட்டுல பெரிய விரிசல், அதை அடைக்க ஃபாக்லாந்து ஜனங்ககிட்ட பழைய மெத்தை கேட்டு வாங்கித் திணிச்சிருக்காங்க. பெரிய மிதவை மேல ஏத்தி அட்லாண்டிக் பூரா இழுத்துட்டு வந்து, 1970 ஜூலை 19ல கட்டுன அதே டாக்குல சேர்த்தாங்க, 1843ல இறக்குனதும் ஜூலை 19தான். இப்ப துருப் பிடிக்காம இருக்க, கப்பலோட அடிப்பாகத்தைச் சுத்தி கண்ணாடிக் கூரை போட்டு உள்ள காத்து ஈரப்பதத்தை 20 சதவீதம் அளவுல வச்சிருக்காங்க. போறீங்கன்னா மேல்தளத்தோட திரும்பிடாதீங்க, கண்ணாடிக்குக் கீழ இறங்கி அந்த இரும்புத் தகடைப் பாருங்க.